கைக்குப் பழகிய அலமாரி

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் சௌகரியமாக இருக்கிறோம். உனக்குச் சளி விட்டதா, மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டுவிட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் கல்லாவுக்கு மேலே இருக்கிறது, அம்மாதான் எடுக்கிறாள். எனக்குக் காது பாதிதான். அவள் பக்கத்தில் நின்று பேசினால் மீதியும் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெரிய கடை திறந்துவிட்டார்கள். கதவு தானாகத் திறக்கிறது. வேவு பார்க்கலாமென்று நானும் ஒருநாள் போனேன். வாசலில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள். பதற்றத்தில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதே சோப்பு நம் கடையில் இரண்டு தட்டு நிறைய இருக்கிறது. (இந்த இடத்தை வாசித்தபோது அம்மா, "நல்லா வேவு பாத்தீங்க, போங்க" என்றாள். எழுதுவதை அனுப்புவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உன் கடிதங்களையும் நான்தான் வாசிக்கிறேன். கண்ணாடி மூக்கை அழுத்துகிறதாம்.)

நம் கடைக்கு வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு கடைக்குள் வந்தவன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவனுக்கு வியாபாரம் என்ன தெரியும்? மூடிவிடலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "மூடிட்டு நான் எங்க போய் உக்கார? உங்க மடியிலயா?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தக் கல்லா நாற்காலி இல்லாமல் அவளால் இருக்க முடியாது. அது உனக்கும் தெரியும்.

நீ சின்னக் கடைக்காரர்களுக்கு விற்பனை வகுப்பு எடுக்கிறவள். எங்களுக்கும் ஏதாவது சொல். எண் போட்டு எழுது. ஒன்று முடித்து அடுத்ததுக்குப் போக எனக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: வேளைக்குச் சாப்பிடு.


மார்ச் 19

எதிரிக் கடையில் சோப்பு வாங்கிய அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சளி போய்விட்டது. இவருக்கு முதுகுவலி, நாற்காலியைக் கண்டால் மட்டும் வருகிறது.

என் சொந்த வீட்டுக் கடைக்கு இவ்வளவு நாள் ஒரு யோசனையும் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. எண் போட்டே தருகிறேன்.

ஒன்று: வாசலுக்குக் குறுக்கே நிற்கிற கல்லா மேடையை ஓரமாகத் தள்ளுங்கள். ஆட்கள் உள்ளே நடக்கட்டும்.

இரண்டு: தினமும் தேவைப்படுகிற உப்பு, சர்க்கரை, எண்ணெய், தீப்பெட்டி எல்லாம் கடைசி மூலைக்குப் போகட்டும். அதை எடுக்க வருகிறவர்கள் வழியில் இருப்பதையும் பார்ப்பார்கள். பார்த்தால்தான் வாங்குவார்கள்.

மூன்று: கண்ணுக்கு நேராக வருகிற தட்டில் புதுச் சாமான். குனிந்து யாரும் எதையும் புதிதாக வாங்குவதில்லை.

இதை முதலில் செய்யுங்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

அது இருக்கட்டும். அம்மா எப்போதும் உங்கள் கடிதத்தின் கீழே தன் கையால் ஒரு வரி எழுதுவாளே, இந்தத் தடவை ஏன் உங்கள் கையெழுத்து? கோபமா என் மேல்?

அன்பு மகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். வெயில் கூடியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

மூன்றையும் செய்துவிட்டேன். முதலில் கடையை அளந்து வரைபடம் போட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்து, எது எங்கே போக வேண்டுமென்று அம்பு போட்டேன். இவ்வளவு தேவையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

பலன் இருக்கிறது. பிஸ்கட்டும் அட்டைப்பெட்டி மாவும் முன்பைவிட அதிகமாகப் போகின்றன. எதிர்ப்பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், வீடு மாத்தறீங்களா?" என்றார். பிறகு உள்ளே நடந்து இரண்டு பொருள் கூடுதலாகவே எடுத்தார்.

உள்ளே நடக்கலாம் என்றாலும் பாதிப் பேர் பழக்கத்தில் அம்மாவிடமே கேட்கிறார்கள். அவளும் பழக்கத்தில் எழுந்து கை நீட்டுகிறாள். தீப்பெட்டி இருந்த இடத்தில் கை போய் நிற்கிறது. அங்கே இப்போது ஷாம்பு இருக்கிறது. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்துவிட்டு, "ஏங்க, நீங்க எடுத்துக் குடுங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்கிறாள்.

கோபம் எல்லாம் இல்லை. அன்றைக்கு அவள் கையில் எண்ணெய்.

அன்புடன்,
அப்பா

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: கோபப்பட உனக்கு நான் மாமியாரா?


ஏப்ரல் 24

கடைக்கு வரைபடம் போட்ட உலகத்தின் ஒரே அப்பாவுக்கு,

நாங்கள் சௌக்கியம். அம்மாவின் முட்டியை டாக்டரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் முட்டிவலி, போனில் கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்." யாரை நம்புவது?

பிஸ்கட் போகிறது என்றால் நாம் சரியான பாதையில் இருக்கிறோம். அடுத்தது:

நான்கு: அடிக்கடி இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பழகிப்போன கண் எதையும் பார்க்காது. வகுப்பில் நான் முதலில் சொல்வதே இதுதான்.

ஐந்து: வாசலுக்கு உள்ளே ஒரு சின்ன மேஜை. அதில் ருசி பார்க்க ஏதாவது. ஒரு துண்டு பிஸ்கட் தின்றவருக்குச் சும்மா திரும்பிப் போக மனசு வராது.

ஆறு: இத்துடன் வண்ண வில்லைகள் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு விலை குறைந்தது, பச்சை புதுசு, மஞ்சள் சீக்கிரம் விற்க வேண்டியது. அம்மாவிடம் கொடுங்கள். ஒட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்கும்.

ஏழு: இதுதான் முக்கியம். பெரிய கடைக்கு முகம் கிடையாது, நமக்கு உண்டு. அம்மா கல்லாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டலாம்.

அன்பு மகள்


மே 17

அன்புள்ள மகளுக்கு,

நலம். உங்கள் நலம் போனில் தெரிந்துகொண்டதாக அம்மா சொன்னாள்.

இந்தத் தடவை கொஞ்சம் தாமதம். ஐந்தாவது யோசனை சரியாக வரவில்லை. மேஜை போட்ட மறுநாளே அது சாய்ந்துவிட்டது. இரண்டு கண்ணாடி ஜாடிகள் உடைந்தன. யாருக்கும் பெரிய காயமில்லை. மேஜையை எடுத்துவிட்டேன். நான் அதை வழியில் போட்டிருக்கக் கூடாது. வரைபடத்தில் வழி அகலமாகத்தான் தெரிந்தது.

நான்காவதை இரண்டு தடவை செய்தேன். மூன்றாவது தடவை செய்யப் போனபோது அம்மா, "இன்னும் எத்தனை தடவைங்க?" என்று கேட்டாள். மகள் சொல்லியிருக்கிறாளே என்றேன். "அவ சொன்னா செய்யுங்க" என்றாள்.

வில்லைகளை நானே ஒட்டினேன்.

படம் இத்துடன் இருக்கிறது. படக்காரர் "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்றார். அம்மா குரல் வந்த பக்கம் பார்த்தாள். அதற்குள் அவர் வெளிச்சம் சரியில்லையென்று சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டார். இன்னொரு படம் எடுக்கலாம் என்றேன். "போதும் போதும், நான் என்ன பொண்ணு பாக்க உக்காந்திருக்கேனா?" என்று சொல்லிவிட்டாள்.

வேறு ஒன்று. வருகிறவர்களை அம்மா இப்போது அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே கூப்பிடுகிறாள். "வாங்க டீச்சர்", "என்ன எலக்ட்ரீசியன், ஒரு வாரமா ஆளக் காணோம்". அவர்களுக்கு ஒரே சந்தோஷம். இது உன் பட்டியலில் இல்லை.

அன்புடன்,
அப்பா

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: படத்தை வாசலில் மாட்டினால் இருக்கிற கூட்டமும் ஓடிவிடும்.


ஜூன் 2

ஜாடி உடைத்த அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். படம் வந்தது. அம்மா இளைத்திருக்கிறாளே?

அவள் ஏன் கேமராவைப் பார்க்காமல் கதவைப் பார்க்கிறாள் என்று முதலில் தோன்றியது. அப்புறம் அதுதான் அழகு என்று பட்டது. யாரோ வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. வகுப்பில் இந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். "வாடிக்கையாளரை எதிர்பார்க்கிற முகம் என்றால் இதுதான். இது என் அம்மா" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

வாய் திறக்கும் முன்பே கூப்பிடுவது அருமை! விடாமல் செய்யச் சொல்லுங்கள்.

எட்டு: வாசலில் ஒரு கரும்பலகை. அம்மா தினமும் தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதட்டும். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னை அடித்துத் திருத்திய கையெழுத்து அல்லவா! அதைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள்.

அன்பு மகள்


ஜூன் 20

அன்புள்ள மகளுக்கு,

நலம். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. கடைக்குள் ஈரம் வராமல் சாக்கு போட்டிருக்கிறேன்.

கரும்பலகை வாங்கிவிட்டேன். இன்னும் மாட்டவில்லை. ஆணி அடிக்க நல்ல இடம் அமையவில்லை. பெரிய கடையில் இப்போது வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். டீச்சர் சொன்னார். சொல்லிவிட்டு நம்மிடம் உப்பு மட்டும் வாங்கினார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது: கையெழுத்தெல்லாம் போன காலம். அப்பாவே எழுதட்டும்.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். இனி வருவதை வாசிக்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து பருப்பு பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். பேனா ஓடும் சத்தம் கேட்கிறது போல. "இன்னும் என்ன எழுதறீங்க?" என்றாள். விலாசம் என்றேன்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முதலில் ஓரங்கள் போயின. இப்போது நடுவில் மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரிகிறது. அதுவும் வெளிச்சம் இருந்தால். நரம்பு வாடுகிறதாம். போனது திரும்பாது, இருப்பதும் நிற்காது என்று கண் டாக்டர் சொன்னார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வந்து அவளைக் கடையிலிருந்து எழுப்பிக்கொண்டு போய்விடுவாய் என்று பயப்படுகிறாள்.

அவள் கடையை நடத்திவந்தது கையால். எதை எங்கே வைத்தாள் என்பது கைக்குத் தெரியும். கடைக்கு வருகிற யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆட்களைக் காலடிச் சத்தத்தில் அடையாளம் கண்டுகொள்கிறாள். மேஜையில் இடித்து விழுந்தது அவள்தான்.

நீ சொன்னதெல்லாம் நல்ல யோசனைகள். அதில் குற்றம் இல்லை. நான்தான் ஒவ்வொரு தட்டாக அவள் கைக்குத் தெரியாமல் ஆக்கினேன். வேண்டாம் என்று உனக்கு எழுத வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். அவளிடம் முடியாது என்றால், "மகள் இவ்வளவு அக்கறையா சொல்றா, செய்ய மாட்டீங்களா?" என்கிறாள். யார் பக்கம் திரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வர வேண்டாம். எதையும் நகர்த்தாமல் வியாபாரம் பெருக ஒரு வழி இருந்தால் மட்டும் எழுது. எனக்கு எழுதுவதைத் தனித் தாளில் எழுதாதே. உறையைப் பிரித்ததும் எத்தனை தாள் என்று தடவிப் பார்க்கிறாள். அதே தாளின் பின்பக்கம் எழுது.


ஆகஸ்ட் 9

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைத் தையல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த அம்மாள் எதுவும் கேட்காமல் மேஜையில் இருந்த துணியை நகர்த்தி இடம் கொடுத்தார்.

உன் கடிதம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போனில் பேசுவதாக அம்மா சொல்கிறாள். என்ன பேசினாய் என்று சொல்வதில்லை. எனக்குக் கேட்கப் பயம்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் கடிதம் எங்கே எங்கே என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நீ எழுதியதாகச் சொல்லி வாசித்தேன். "பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய இடங்கள்தான் பிடிக்கும், எல்லாவற்றையும் முன்பு இருந்தபடியே வையுங்கள்" என்று வாசித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். "அப்படியா எழுதியிருக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவ சொன்னா சரி" என்றாள்.

ஞாயிறு முழுவதும் வேலை செய்தேன். பழைய வரைபடம் இருந்ததால் ஒரு பொருள்கூடத் தவறவில்லை. கடைசித் தட்டில் தீப்பெட்டியை வைத்தபோது, இவ்வளவு நாளில் ஒரு உருப்படியான காரியம் செய்தோம் என்று நினைத்தேன்.

திங்கள் காலை எலக்ட்ரீசியன் வந்து தீப்பெட்டி கேட்டார். அம்மா எழுந்தாள். மேடைக்குப் பின்னால் போகவில்லை. நேராகக் கடைசி மூலைக்கு நடந்தாள், எங்கும் இடிக்காமல். அங்கே நான் வைத்திருந்த கற்பூரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் கையில் இருப்பது என்னவென்று தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

நான் சரக்கெடுக்கப் போகிற நாட்களில் அவள் புது இடங்களைப் படித்திருக்கிறாள். தையல் கடை அம்மாள் இப்போதுதான் சொன்னார்: "கதவைப் பாதி சாத்திட்டு ஒவ்வொரு தட்டா தொட்டுத் தொட்டு, உப்பு, சர்க்கரை, தீப்பெட்டின்னு சொல்லிட்டே நடப்பாங்க சார். நான் ஏதோ பாட்டு பாடறாங்கன்னு நினைச்சேன்." நான் ஒவ்வொரு தடவை மாற்றியபோதும் முதலிலிருந்து படித்திருக்கிறாள்.

எலக்ட்ரீசியன் போன பிறகு அவள் சொன்னது இதுதான்: "எப்படியோ இப்பதான் மனப்பாடம் ஆச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் பாடத்த மாத்திட்டீங்களே."

பிறகு, "அந்தக் கடுதாசி அவ எழுதினது இல்லைன்னு அப்பவே தெரியும். உங்களக் கிண்டல் பண்ணாம அவ ஆரம்பிக்க மாட்டா" என்றாள். பின்னே ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். "பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், இவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றாரேன்னு விட்டுட்டேன்."

மறுபடி மாற்றட்டுமா என்று கேட்டேன். "தொடாதீங்க" என்றாள். எந்தப் பக்கம் நின்றாலும் இடைஞ்சலாக இருக்கிறேன். அவளுக்கும், உனக்கும், கடைக்கும். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அப்பா


ஆகஸ்ட் 21

கதவு தானாகத் திறந்ததற்கே பதறிப்போன அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதத் தாமதம். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இந்தத் தடவை எண் போடவில்லை. என்னிடம் யோசனை தீர்ந்துவிட்டது. எங்கே எது இருக்க வேண்டுமோ அதை அம்மாவே சொல்லட்டும், அங்கேயே இருக்கட்டும். கடை அவளுடையது.

வருடக் கடைசியில் பத்து நாள் லீவு இருக்கிறது. சும்மா வந்து உங்களோடு இருக்கலாம் என்று பார்க்கிறேன். கடையில் கை வைக்க மாட்டேன், சத்தியம்.

அன்பு மகள்

(பின்பக்கம்)

அப்பா, எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இரண்டு தடவை டிக்கெட் எடுத்து இரண்டு தடவையும் ரத்து செய்தேன். வந்தால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வராமல் இருந்தால் நான் என்ன மகள்?

அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் கைதட்டல் வாங்கினேனே, அதை நினைத்தால் வகுப்புக்குள் போகக் கால் வரவில்லை. "பழகிப்போன கண் எதையும் பார்க்காது" என்று உங்களுக்கு எழுதினேன். வாராவாரம் அவளோடு பேசிக்கொண்டிருந்தவள் நான்.

உங்கள் கடிதம் வந்த வார ஞாயிற்றுக்கிழமை போனில், என்னை அறியாமல், "அம்மா, இன்னைக்கு என்ன கலர் புடவை கட்டியிருக்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் "நீலம்" என்றாள். போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜூன் மாதக் கடைசி ஞாயிறு. அது நீலம்தானா அப்பா? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. நீலம் என்றால் இன்னும் கொஞ்சம் தெரிகிறது என்று அர்த்தம் இல்லையா?

டாக்டரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். வேறு ஊரில், வேறு மருந்து, எதுவாக இருந்தாலும்.


செப்டம்பர் 7

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை.

டாக்டரிடம் போனேன். நீ கேட்கச் சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு பெரியவரே, தண்ணீர் குடிக்கிறீர்களா என்றார்.

முன்பக்கத்தை அம்மாவுக்கு வாசித்தேன். "இது அவ எழுதினது" என்று சிரித்தாள். தாளைக் கையில் வாங்கினாள். நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவள் விரல்கள் தாளின் மேல் நின்றன. திருப்பிப் பார்த்தாள், தடவினாள், ஓரத்திலிருந்து ஓரம் வரை. "பின்பக்கம் நிறைய எழுதியிருக்கா போல" என்றாள்.

நான் காலி உறையை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"வாசிக்க வேண்டாம். அவளுக்கும் உங்களுக்கும் பேச எதுவுமே இருக்கக் கூடாதா?" என்றாள். தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவளே வைத்தாள். அரை மணி நேரம் கழித்து, "அவ வரட்டும். ஆனா என்னைக் கடையிலேர்ந்து எழுப்ப மாட்டாதானே?" என்று கேட்டாள். மாட்டாள் என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அலமாரிகளை இப்போது அவளே ஒழுங்கு செய்திருக்கிறாள். கொஞ்சம் பழைய இடம், கொஞ்சம் புது இடம். நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் வைத்தாள். வரைபடத் தாளை எடுத்தேன். "அது எனக்கு எதுக்குங்க?" என்றாள். மடித்து வைத்துவிட்டேன். ஆனால் சோப்புக் கம்பெனிக்காரன் இந்த மாதம் டப்பாவை மாற்றிவிட்டான். தொட்டால் மாத்திரைப் பெட்டி மாதிரி இருக்கிறது. மழைக்கு எல்லாரும் ஒரே மாதிரி ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறார்கள். நேற்று டீச்சரை "வாங்க எலக்ட்ரீசியன்" என்று கூப்பிட்டுவிட்டாள். டீச்சர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நான் நடுவில் போய் நின்று என்ன வேண்டும் என்று கேட்டேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறவன் நான்தான். பச்சை.

இதை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கீழே இடம் விடுங்கள், நானே எழுதுகிறேன் என்றாள். கோடு போட்டுத் தரட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள். பேனாவை மட்டும் கையில் கொடுத்தேன். எழுத்து என் வரிகள் மேல் ஏறினால் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா

மகளே நீ போனில் திடீரென்று கலர் கேட்டபோதே உனக்குத் தெரிந்துவிட்டதென்று புரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது நீலம்தான். அப்பாவைக் கேட்காதே, பாவம், அவருக்குக் கண் சரியில்லை. அம்மா